மெட்ரோ நிலையத்தைச் சுற்றி வட்டம் போடுமுன்: சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கும் கும்டாவுக்கும் (சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம்) ஒரு திறந்த மடல்

மூன்றாம் முழுமைத் திட்டத்தைத் தயாரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்ட மெட்ரோவில், மாதவரத்திலிருந்து சிறுசேரி போகும் வழித்தடம் ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலையில்) தூண்கள்மேல் செல்கிறது. அந்த நிலையங்களைச் சுற்றி என்ன கட்டலாம், எவ்வளவு கட்டலாம் என்பதை 2046 வரைக்குமான உங்கள் திட்டம்தான் முடிவு செய்யப்போகிறது. அதனால் இப்போதே எழுதுகிறோம்.

நிலையத்தை மையமாக வைத்து வட்டம் போட்டு, அதற்குள் கூடுதல் எஃப்.எஸ்.ஐ, அதாவது மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளப் பரப்பு கட்டலாம் என்ற அளவு, கொடுப்பதுதான் வழக்கம். மத்திய அரசின் 2017 கொள்கையும் 500 முதல் 800 மீட்டர் என்கிறது. 500 மீட்டர் வட்டத்தின் பரப்பு 78.5 ஹெக்டேர். தெருக்கள் கட்டம் கட்டமாக ஒழுங்காக ஓடினாலும் 500 மீட்டர் நடையில் எட்டக்கூடியது 50 ஹெக்டேர்தான். ஓ.எம்.ஆரில் அப்படி ஒழுங்கு எங்கே இருக்கிறது? ஐ.டி. வளாகங்களின் மதில் நூற்றுக்கணக்கான மீட்டருக்கு நீள்கிறது. பழைய பஞ்சாயத்து மனைப்பிரிவுகளின் 20 அடித் தெருக்கள் பக்கத்து மனைப்பிரிவின் சுவரில் போய் முட்டி நிற்கின்றன. கிழக்கே பக்கிங்காம் கால்வாய். அதைக் கடக்கப் பாலங்கள் சில மட்டுமே. நேர்கோட்டுத் தொலைவைப்போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், 1.6 மடங்கு, சுற்றி நடக்க வேண்டியிருந்தால் எட்டும் பரப்பு சுமார் 30 ஹெக்டேராகச் சுருங்கிவிடும். மீதி இடத்தில் கூடுதல் மாடி வாங்கிக் கட்டுபவர்கள் காரில்தான் வந்துபோவார்கள். அதாவது, மெட்ரோவின் பெயரைச் சொல்லி ஓ.எம்.ஆரில் இன்னும் நெரிசல்.

எனவே, வரைபடத்தில் அளக்காமல் நிலைய வாசலிலிருந்து காலால் அளக்கச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 80 மீட்டர் நடை என்று வைத்துக்கொள்ளலாம். சாலையைக் கடக்கக் காத்திருக்கும் நேரமும் கணக்கில் வர வேண்டும்: 90 விநாடிக் காத்திருப்பு 120 மீட்டர் நடைக்குச் சமம். நவம்பரில், தண்ணீர் தேங்கி நிற்கும் நாளில், ஒருமுறை மறுபடியும் அளக்க வேண்டும். காரப்பாக்கத்தில் கோடையில் ஏழு நிமிடத்தில் போகிற தெரு மழையில் அறவே இல்லாமல் போகலாம்.

அடுத்து இணைப்புத் தெருக்கள். வருவாய்த் துறையின் புல வரைபடங்களை எடுத்து வைத்துக்கொண்டு வண்டிப்பாதைப் புறம்போக்கு எங்கே இருக்கிறது, எந்த முட்டுச்சந்துக்கும் எந்த முட்டுச்சந்துக்கும் இடையே ஒரே ஒரு மனை தடுக்கிறது என்று சர்வே எண்ணோடு குறியுங்கள். 100, 120 மீட்டருக்கு ஒரு குறுக்கு வழி கிடைத்தால் போதும். எல்லாம் கார் போகும் தெருவாக இருக்கத் தேவையில்லை, 4 மீட்டர் நடைவழியும் உதவும். குறித்த கோடுகளை விரிவான வளர்ச்சித் திட்டத்தில் அறிவிக்கையாக வெளியிட்டால், திட்ட அனுமதி கேட்டு வருகிறவரிடம் கோடு போகும் அந்த நிலத் துண்டைத் தானப் பத்திரமாக வாங்க முடியும்.

இந்த முறை எங்கே கெடும் என்பதும் தெரிந்ததுதான். ஒருவர் தன் துண்டைக் கொடுப்பார். பக்கத்து மனைக்காரர் பதினைந்து வருடம் எதுவும் கட்ட மாட்டார். கொடுத்த துண்டு அதுவரை அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடமாகவே இருக்கும். அல்லது பத்திரம் பதிவாகிவிடும், மதிலும் காவலாளியும் அப்படியே இருப்பார்கள். முதலாவதற்கு, தடுக்கும் கடைசித் துண்டுகளை டி.டி.ஆர் (வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ கூடிய கட்டும் உரிமை) கொடுத்தோ பணம் கொடுத்தோ அரசே வாங்க வேண்டும். இரண்டாவதற்கு, மதில் இடிந்து வழி திறந்ததைப் பார்த்த பிறகே பணி நிறைவுச் சான்று. கூடுதல் எஃப்.எஸ்.ஐயையும் இதோடு கட்டிப்போடுங்கள். இன்று முன்னாலுள்ள சாலை அகலமாக ஆக, விலைக்கு வாங்கக்கூடிய கூடுதல் தளப் பரப்பும் ஏறுகிறது. பலன் ஓ.எம்.ஆரைப் பார்த்த பெரிய மனைகளுக்குத்தான். உள்ளே நடந்து வரக்கூடிய சிறு மனைகளுக்கு ஏதும் மிஞ்சுவதில்லை. இணைப்புத் தெரு திறந்தால் இத்தனை கூடுதல் என்று விதி இருந்தால், பக்கத்து மனைக்காரரே சுவரை இடிக்கச் சொல்லி வருவார்.

கழிவுநீரை மறந்து மாடிகளைக் கூட்டாதீர்கள். ஆயிரம் புதிய வீடு, வீட்டுக்கு நான்கு பேர், தலைக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவு என்றால் நாளுக்கு 4,32,000 லிட்டர். குழாய் இல்லாத தெருவில் இது 12,000 லிட்டர் லாரி 36 நடை. 2011-இல் மாநகராட்சியில் சேர்ந்த இந்தப் பகுதிகள் கழிவுநீர் லாரியை நன்றாகவே அறியும். 2022-இல் ராம்சர் தளமான (சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம்) பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும், அதன் நீரைக் கால்வாய்க்குக் கொண்டுபோகும் ஒக்கியம் மடுவும் வட்டத்துக்குள் விழும் இடங்களில் வட்டத்தையே வெட்டிவிட வேண்டும். அங்கே ‘நிலையத்துக்கு அருகில்’ என்ற காரணம் செல்லாது. நிலத்தடி நீர் இவ்வளவு மேலே நிற்கும் ஊரில் இரண்டு அடித்தள வாகன நிறுத்தம் கேட்பதும் வீண். மழைக்காலம் முழுவதும் அதை இறைத்துத் தெருவில்தான் விடுவார்கள். நிலையத்தருகே நிறுத்துமிடத்துக்குக் குறைந்தபட்ச விதியை எடுத்துவிட்டு உச்சவரம்பு வையுங்கள்.

நிலையத்தின் படிக்கட்டு நடைபாதைமேல் இறங்கினால், மீதமாகும் இடத்தை மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் எடுத்துக்கொள்ளும். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் நடைபாதைக்குக் கேட்பது தடையில்லாத 1.8 மீட்டர். படிக்கட்டையும் லிஃப்டையும் பக்கத்து மனைக்குள் இறக்க இப்போதே பேசுங்கள். கட்டிடம் எழும்பிய பிறகு முடியாது. டிக்கெட் வாங்காதவர்களும் சாலையைக் கடக்க நிலையத்தின் முதல் தளம் திறந்திருக்க வேண்டும், ரயில் ஓடாத நேரத்திலும். கண்ணகி நகரிலிருந்து விடியற்காலையில் வீட்டு வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் கிளம்புகிறவர்கள் ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே கடக்கக் கூடாது.

பறக்கும் ரயிலின் நிலையக் கட்டிடங்களில் பெரிய பெரிய தளங்கள் காலியாகக் கிடப்பதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. நிலையத்துக்கு உள்ளே இடம் கட்டினார்கள். வெளியே தெருவை யாரும் கவனிக்கவில்லை.

கூடுதல் எஃப்.எஸ்.ஐக்கு வாங்கும் கட்டணத்துக்கு நிலையம்வாரியாகத் தனிக் கணக்கு வையுங்கள். துரைப்பாக்கத்தில் வாங்கிய பணம் துரைப்பாக்கத்துத் தெருவுக்கும் குழாய்க்கும் போகட்டும். வரைவுத் திட்டத்தை வெளியிடுமுன் துரைப்பாக்கம், காரப்பாக்கம், இரண்டு வழித்தடங்கள் சந்திக்கும் சோழிங்கநல்லூர் ஆகிய மூன்று நிலையங்களுக்காவது நடை வரைபடத்தை, சர்வே எண்களோடு தமிழில், பெருங்குடி, சோழிங்கநல்லூர் மண்டல அலுவலகங்களில் ஒட்டுங்கள். ஆட்சேபம் சொல்ல 60 நாளாவது கொடுங்கள்.

இப்படிக்கு,
நகரமைப்பு, சாலை, வடிகால் பணிகளில் உள்ள சிலர்
சென்னை