எதை முதலில் எடுக்கணும்

அன்புள்ள கோமதிக்கு அம்மா எழுதுவது. நலம்.

திருநெல்வேலிச் சீமை நாவல்களில் எதையெல்லாம் உன் கூட்டாளிகளுக்குச் சொல்லலாம் என்று கேட்டிருந்தாய். பட்டியலைவிட வரிசைதான் முக்கியம்ட்டி. சாகித்திய அகாதெமி பரிசு வாங்கினதாச்சே என்று எடுத்த எடுப்பில் பூமணியின் 'அஞ்ஞாடி'யையோ ஜோ டி குரூஸின் 'கொற்கை'யையோ வாங்கிவிடுகிறார்கள். ரெண்டும் ஆயிரம் பக்கத்துக்கு மேல். நூறு பக்கம் போவதற்குள் யாருக்கு யார் என்ன முறை என்று குழம்பி மூடி வைத்துவிடுவார்கள்.

முதலில் வண்ணநிலவனின் 'ரெயினீஸ் ஐயர் தெரு'. பாளையங்கோட்டையில் ஒரே தெரு, ஒரே மூச்சில் முடியும். கதை எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடவேண்டாம். வீடு வீடாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனால் போதும். அடுத்து அவரே எழுதிய 'கடல்புரத்தில்' (1977). பிலோமியின் காதலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். லாஞ்சு என்கிற விசைப்படகு வந்த காலத்தில் தன் வல்லத்தை, அந்தப் பழைய மரப்படகை, விற்க மனசில்லாமல் அவள் அப்பா குரூஸ் மிக்கேல் படுகிற பாட்டைக் கவனிக்கச் சொல்லு.

அப்புறம் கி.ரா. என்கிற கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976). நிறையப் பேர் சறுக்குகிற இடம் இதுதான். தொடக்கத்தில் ஒரு கொலை வருவதால் துப்பறியும் கதை என்று நினைத்துக்கொள்வார்கள். அது அப்படிப் போகாது. மங்கத்தாயாரு அம்மாள், 137 வயசுப் பாட்டி, தெலுங்குச் சீமையிலிருந்து தப்பி வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். கதாநாயகன் என்று தனியாக யாரும் கிடையாது, ஊர்தான். அவசரமாகப் புரட்டினால் காடு திருத்துகிற பகுதியெல்லாம் வெறும் விவரமாகத் தெரியும். ராத்திரிக்கு இருபது பக்கம், வாய்விட்டுப் படிக்கணும். கரிசல் சொல் ஏதாவது விளங்காவிட்டால் நிற்கவேண்டாம், ரெண்டு பக்கம் தள்ளி அதுவே விளங்கிவிடும். இதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' சாகித்திய அகாதெமி பரிசு வாங்கினது. இருந்தாலும் எனக்கு முதல் நாவல்தான் ஒரு படி மேலே.

பூமணியின் 'வெக்கை'யை (1982), அதை வைத்து எடுத்த 'அசுரன்' படத்தைப் பார்த்த கண்ணோடு எடுத்தால் ஏமாற்றம்தான். வெட்டு முதல் பக்கங்களிலேயே முடிந்துவிடும். மிச்சமெல்லாம் அய்யாவும் மகனும் காட்டில் ஒளிவதும், கிடைத்ததைச் சமைத்துத் தின்பதும். அந்தச் சாப்பாட்டுப் பகுதிகளைத் தாண்டிப் போகிறவர்களுக்கு நாவலே கிடைக்காது.

நாவலுக்குப் பொறுமையில்லாதவர்களுக்குப் ரெண்டு சிறுகதை: புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்', கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'.

இவ்வளவும் முடித்தவர்கள் ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலக'த்துக்குப் போகலாம். ஒரு தாளில் குடும்பவாரியாகப் பேரை எழுதிக்கொண்டே படிக்கணும். கடல்காரர்கள் பேச்சு முதல் ஐம்பது பக்கம் கஷ்டம், பிறகு காது பழகிவிடும். 'கொற்கை' அதற்கும் பிறகு.

மாமா அடுத்த வாரம் அங்கே வாராக. 'கோபல்ல கிராம'த்தைக் கொடுத்துவிடுகிறேன், மற்றதை நீயே வாங்கிக்கோ.

அம்மா
பாளையங்கோட்டை