வேடந்தாங்கல் வழியில் கைகொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் மகளும் செங்கல்பட்டிலிருந்து சைக்கிளில் வேடந்தாங்கல் போனோம். படாளம் கூட்டுரோட்டில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுத் திரும்பிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், மகளின் பின்சக்கரத்தில் கருவேல முள் ஏறிவிட்டது. என்னிடம் பம்பு இருந்தது, பஞ்சர் ஒட்டும் சாமான் இல்லை.

கேட்காமலே டி.வி.எஸ். எக்ஸ்எல்லை நிறுத்திய தம்பிக்கு முதல் நன்றி. கழற்றிய சக்கரத்தோடு என்னை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போய், ஒட்டி முடியும்வரை கூடவே நின்று, திரும்பக் கொண்டுவந்தும் விட்டீர்கள். பஞ்சர் கடை அண்ணன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்து ஒட்டியதோடு விடவில்லை. டயரின் உட்புறம் முழுக்க விரலால் மெல்லத் தடவி, ஒடிந்து நின்ற முள்நுனியைத் தேடி எடுத்தார். "இத விட்டா ஏரிக்கரை போறதுக்குள்ள மறுபடியும் இறங்கிடும் சார்." அன்று முழுக்க நாங்கள் ஓட்டியது அந்தப் பொறுமையால்தான்.

அதுவரை என் மகளைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்த பாட்டி, வழிக்கும் ஒரு தூக்கில் ஊற்றித் தந்தார்.

ஏரிக்கரையில் தன் பைனாகுலரை மகளிடம் கொடுத்த வனத்துறைக் காவலருக்கும் நன்றி. தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாவும் பாம்புத்தாராவும் அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தன. நத்தை குத்தி நாரையின் மூடிய அலகு நடுவில் சேராமல் இடைவெளி விட்டிருப்பதை அவர் சொல்லித்தான் பார்த்தோம். மகள் அதை நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள்.

கரையில் பேச்சுக் கொடுத்த விவசாயி ஐயா, பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரமாவதைச் சொன்னார். பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் இது. பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-லேயே அன்றைய கலெக்டர் லயனல் பிளேசிடம் உத்தரவு வாங்கியவர்கள் உங்கள் முன்னோர். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் ஏரி சேர்ந்தது. அதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே காவலை நீங்கள் தொடங்கிவிட்டீர்கள். ஊரார் எல்லாருக்கும் எங்கள் கும்பிடு.

பாட்டி, உங்கள் தூக்கு எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. மார்ச்சில் சீசன் முடிவதற்குள் மகளே கொண்டுவந்து தருவாள்.

நன்றியுடன்,
செங்கல்பட்டிலிருந்து ஓர் அப்பாவும் மகளும்