ஆறு பேருக்கு ஆறு பக்கம் வேண்டும்: நினைவு மலர் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். கோலாலம்பூர்ச் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, அது காலியாகும்வரை அங்கேயே வளர்ந்த ஒருத்தி என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். வரவிருக்கும் ஒன்றுகூடலுக்காக நீங்கள் தயாரித்துவரும் மலரில், கடந்த ஓராண்டில் நம்மை விட்டுப் பிரிந்த ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே பக்கம் ஒதுக்கப்பட்டிருப்பதாகவும், அதில் கடப்பிதழ் அளவுப் படமும் பெயரும் இரண்டு தேதிகளும் மட்டும் இடம்பெறும் என்றும் சென்ற வாரம் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்திருந்தீர்கள். விளம்பரங்களுக்குப் பதினெட்டுப் பக்கங்கள் என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. அந்த ஆறு பேரில் ஒவ்வொருவருக்கும் ஒரு முழுப் பக்கம் வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடல். செயலாளருக்குத் தொலைபேசியில் சொல்லி முடித்திருக்கலாம்தான். ஆனால் அந்த ஆறு குடும்பங்களும் இதில் சம்பந்தப்பட்டவை என்பதால், எல்லாரும் படிக்கும்படி எழுதுவதே முறை என்று தோன்றியது.

நம்மில் பெரும்பாலோர் எரிக்கும் வழக்கம் உள்ளவர்கள். செராஸ் மின்சுடலையில் உடலை ஒப்படைத்துவிட்டு, மறுநாள் போய் அஸ்தியை வாங்கி, கிள்ளானுக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வந்துவிடுகிறோம். பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்ததும் வாடகைக் கூடாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றுகிறார்கள். நம்மோடு வாழ்ந்த கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் போய் நிற்க ஒரு கல்லறை இருக்கிறது. நமக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. முன்பு இந்தக் குறை எனக்குத் தெரிந்ததே இல்லை. இறந்தவர் இருந்த வீடு அதே வரிசையில் இருந்தது, அவர் உட்கார்ந்து வெற்றிலை போட்ட படிக்கட்டு இருந்தது, 'இது இன்னார் வீடு' என்று சொல்ல எதிர்வீட்டில் ஆள் இருந்தார்கள். இன்று குவார்ட்டர்ஸ் இல்லை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்து, 1945இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுகளுக்கு இலக்காகி, போருக்குப் பின் மறுபடியும் தலைதூக்கிய ரயில்வே பட்டறையிலும் இப்போது சம்மட்டிச் சத்தம் இல்லை. செந்தூலின் மேற்குப் பக்கத்தில் பழைய ரயில்வே கட்டடம் ஒன்று 2005ஆம் ஆண்டு முதல் நிகழ்கலை மையமாக இருக்கிறது. நாமோ ரவாங், கெப்போங், செலாயாங், பூச்சோங் என்று சிதறிப்போய், சாவு வீட்டில் மட்டுமே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். கல்லும் இல்லாமல் வீடும் இல்லாமல் போனவர்களுக்கு மிஞ்சியிருக்கும் இடம் காகிதம்தான். அதிலும் ஆறில் ஒரு பங்குதான் கொடுப்போம் என்றால் எப்படி?

என் குடும்பத்துக்கு இது பழைய கணக்கு. என் அப்பாவைப் பெற்ற தாத்தாவை 1943இல் ஜப்பானியர் ரயில்பாதை போடச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) கொண்டுபோனார்கள். கிழக்குக் கரை இருப்புப்பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனதைப் போலவே, இங்கிருந்து ஆட்களையும் கொண்டுபோனார்கள் என்று பாட்டி சொல்வார். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சயாம்–பர்மா பாதை அதே ஆண்டு அக்டோபரில் முடிந்தது, தாத்தா திரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் தங்கையும் காஞ்சனபுரிக்குப் போயிருந்தோம். போர்க்கைதிகளின் மயானத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள், ஒழுங்காக வெட்டிய புல்லுக்கு நடுவே வரிசை வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு, சிலவற்றில் தாயோ மனைவியோ எழுதி அனுப்பிய ஒரு வரி. அதே பாதையில் மடிந்த பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படித் தனித்தனிக் கல் இல்லை, ஏனென்றால் அவர்களின் பெயர்களை யாரும் முறையாக எழுதி வைக்கவில்லை. தங்கை கொண்டுபோன கதம்பத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், கடைசியில் ஆற்றில் போட்டுவிட்டு வந்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு மலரில் (எந்த மலர், யார் அச்சிட்டது என்பதெல்லாம் இப்போது தேவையில்லை) இரண்டு அம்மாக்களின் படங்கள் இடம் மாறிப்போயின. ஒருவர் பெயருக்கு மேல் மற்றவர் முகம். இரண்டு குடும்பத்தாரையும் தவிர யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. மெய்ப்புப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு படத்திலும் நரைத்த தலை, குங்குமம் இல்லாத நெற்றி, வெள்ளைப் பின்னணி. கீழே ஒரு வரி சேர்ந்திருந்தால், 'அதிகாலையில் இட்லி விற்றவர்' என்றோ, 'மூன்று மகன்களையும் பட்டறைக்கு அனுப்பியவர்' என்றோ இருந்திருந்தால், படம் மாறியது அந்தக் கணமே கண்ணில் பட்டிருக்கும்.

இந்த ஆறு பேரில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் என்ன எழுதிவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு இது பதிலாக இருக்கும்.

பூக்கார அத்தை கடைசிவரை எழுதப் படிக்கக் கற்காதவர். ஆனால் எங்கள் வரிசையில் இருபது வீடுகளின் கூட்டுப் பணம், அதாவது சீட்டுப் பணம், அவர் கையில்தான் இருந்தது. சமையலறைக் கதவின் உட்பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளத்தைக் கத்தியால் கீறி வைத்திருந்தார்: மீன் வாங்கி விற்பவர் வீட்டுக்கு மீன், ஃபிட்டர் வீட்டுக்குச் சுத்தியல், எங்கள் வீட்டுக்குக் குடை (அப்பா வெயிலிலும் குடையோடுதான் போவார்). அதற்கு நேரே சுண்ணாம்புக் கோடுகள். மாதம் இருபது வெள்ளி கொடுத்தால் ஒரு கோடு. சீட்டு எடுத்துவிட்டால் கோட்டின் மேல் மஞ்சள் பொட்டு. தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது அந்தக் கதவை மட்டும் யாரும் தொடக்கூடாது. கூட்டுப் பிடிப்பதைத் தடை செய்ய 1971இலேயே சட்டம் வந்துவிட்டது என்பதை நான் வேலைக்குப் போன பிறகுதான் அறிந்தேன். அத்தையிடம் சொன்னபோது, "அப்ப வங்கிக்காரன் வந்து மீனாட்சிக்குத் தாலிக்கொடி வாங்கித் தரட்டும்" என்று சொல்லிவிட்டுப் பூத்தொடுப்பதில் மறுபடி ஆழ்ந்துவிட்டார். எத்தனையோ ஆண்டுகளில் ஒருவருக்கும் ஒரு காசு குறைந்ததில்லை. தோட்டத்தில் பிறந்தவர், பிறப்புப் பத்திரம் இல்லாதவர். குடியுரிமைக்கு மூன்று முறை விண்ணப்பித்தும் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடுதான் போனார். மூன்றாம் முறை முகப்பில் இருந்தவர் பத்திரம் எங்கே என்று கேட்டதற்கு, "என்னைப் பெத்தவளே வந்து சொன்னாத்தான் நம்புவீங்களா?" என்று தமிழிலேயே கேட்டாராம். நாளிதழில் வந்த மரண அறிவிப்பில் 'இல்லத்தரசி' என்று போட்டிருந்தார்கள்.

ஃபிட்டர் மாமா 1950களின் பிற்பகுதியில், நீராவி என்ஜின்களின் இடத்துக்கு டீசல் வரத் தொடங்கிய காலத்தில் பட்டறையில் சேர்ந்தவர். சக்கரத்தைச் சிறு சுத்தியலால் தட்டி, எழும் ஒலியை வைத்தே அதில் விரிசல் உண்டா இல்லையா என்று சொல்லும் வேலையை அவர் பழகியிருந்தார். நல்ல சக்கரம் மணியாக ஒலிக்கும், விரிசல் விட்டது பொத்தென்று அடங்கும் என்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பானையைத் தட்டுவார், தர்பூசணியைத் தட்டுவார், பெண் பார்க்கப் போன இடத்தில் எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்த்ததாக மாமியே சொல்லிச் சிரிப்பார். ஒருமுறை கோயில் மணியில் விரிசல் இருக்கிறது என்றார். புது மணியாயிற்றே என்று யாரும் காதில் வாங்கவில்லை. அடுத்த தைப்பூசத்துக்குள் மணி பிளந்தது. 2010இல் மின்ரயில் பத்துமலை வரை ஓடத் தொடங்கிய வாரத்தில், ஓய்வுபெற்ற கிழவர்கள் நால்வரைக் கூட்டிக்கொண்டு போய்வந்தார். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சக்கரச் சத்தத்தைக் கேட்டபடியே வந்தாராம். பட்டறை இரைச்சலில் இடது காது போய்விட்டதால் வலது காதைச் சன்னல் பக்கம் வைத்து உட்கார்ந்தார் என்று கூடப் போனவர் சொன்னார்.

மூன்றாமவர் விஷயத்தில்தான் செயலவையில் முணுமுணுப்பு என்று கேள்விப்பட்டேன். பாய்ண்ட்ஸ்மேன் அண்ணன் குடித்தார் என்பது உண்மை. சம்சு குடித்துவிட்டு வடிகாலோரம் விழுந்து கிடந்ததை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம், அவருடைய மனைவி எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வந்து ஒளிந்துகொண்டதையும் நான் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் மலரில் எழுத வேண்டுமென்று நான் கேட்கவில்லை. நல்லவராகவே வாழ்ந்தார் என்று புளுகவும் கேட்கவில்லை. வேகன்களைப் பூட்டும்போது இரண்டு விரல்களை இழந்தார் என்று எழுதலாம். 1971 ஜனவரியில் கோலாலம்பூர் வெள்ளத்தில் மூழ்கியபோது, எங்கள் வரிசைப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளில் தூக்கிக்கொண்டு தண்டவாளக் கரைமேட்டில் கொண்டுபோய் விட்டார் என்று எழுதலாம். அப்போது எனக்கு ஏழு வயது. அவர் தலைமுடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது இன்னும் கையில் இருக்கிறது. மற்றதை எழுதுவதா வேண்டாமா என்பதை அவர் மனைவியிடம் கேட்போம். அந்த அம்மாளுக்குத்தான் அந்த உரிமை.

உணவு அனுப்பும் வேலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போன தம்பியைக் குறித்து, 'அவன் ஒன்பது வயதிலேயே வெளியேறியவன், குவார்ட்டர்ஸ்காரன் என்று சொல்ல முடியுமா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவனுடைய அம்மா அந்தக் குழுவில் இருக்கிறார் என்பதைக் கேட்டவர் மறந்துவிட்டார் போலும். ஒன்றுகூடலுக்கு நாற்காலி அடுக்க ஆண்டுதோறும் முதல் ஆளாக வந்தவன் அவன். வேறு தகுதி என்ன வேண்டும்? மற்ற இருவர், மாலையில் இலவசமாகப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியை அக்காவும் கேங்மேன் தாத்தாவும். அவர்களைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக் கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள்.

முன்பெல்லாம் தமிழ் நேசனைத் திறந்தால் முதலில் மரண அறிவிப்புப் பக்கத்தைத்தான் அப்பா பார்ப்பார். 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றது. இப்போது செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறது. ஃபிட்டர் மாமா இறந்த அன்று குழுவில் நாற்பதுக்கும் மேற்பட்ட கூப்பிய கைகள் வந்தன, அதற்கு அடுத்த செய்தி டுரியான் மொத்த விலைக்குக் கிடைக்கும் என்பது. அனுப்பியவரைக் குறை சொல்லவில்லை, நானும் இரண்டு கிலோ வாங்கினேன். ஆனால் அந்தக் கைகளுக்கு நடுவே மாமாவைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை.

என் கோரிக்கையின் நடைமுறைப் பகுதிக்கு வருகிறேன். அத்தையின் பக்கத்தையும் மாமாவின் பக்கத்தையும் நானே எழுதித் தருகிறேன். எழுத வராதவர்கள் குரல் பதிவாக அனுப்பினால் அதைக் கேட்டு எழுதித் தரவும் தயாராக இருக்கிறேன். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் அந்தந்தக் குடும்பத்தாருக்குப் படித்துக்காட்டி ஒப்புதல் பெற வேண்டும். பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் படிக்க வராது என்பதால், தமிழுக்குக் கீழே நான்கைந்து வரி மலாயிலும் இருக்கட்டும். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, நோயின் பெயர் ஆகியவை எதிலும் வேண்டாம். கூடுதல் பக்கங்களுக்கு ஆகும் செலவைக் காரணம் காட்டுவீர்கள் என்று தெரியும். பதினெட்டு விளம்பரப் பக்கங்களில் இரண்டை அரைப் பக்கங்களாகச் சுருக்கினால் ஒரு பக்கம் கிடைக்கும்; மீதி நான்கு பக்கங்களுக்கான அச்சுக்கூலியை நானும் என் தங்கையும் ஏற்றுக்கொள்கிறோம்.

இடமிருந்தால் இன்னொரு பக்கமும் வேண்டும். 2020, 2021 ஆண்டுகளில் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது போனவர்களைச் சுடலைக்குக் கொண்டுபோகக்கூட நம்மால் ஒன்றுசேர முடியவில்லை. அவர்களுக்கு எந்த மலரிலும் எதுவும் வரவில்லை. அவர்களின் பெயர்களையாவது, தலைக்கு ஒரு வரியோடு, இம்முறை சேர்த்துவிட வேண்டும். அந்தப் பட்டியலைத் தொகுக்கும் வேலையை இளையவர்கள் யாராவது எடுத்துக்கொண்டால் நல்லது, ஏனென்றால் என் நினைவில் ஏற்கெனவே இரண்டு பேரின் தந்தை பெயர் தடுமாறுகிறது.

கடைசியாக ஒரு செய்தி. குவார்ட்டர்ஸைக் காலி செய்த நாளில் அத்தையின் மகன் அந்தச் சமையலறைக் கதவைக் கீலிலிருந்து கழற்றி எடுத்து வைத்திருந்தார். போன மாதம் என் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் கொண்டுவந்து சாய்த்து வைத்துவிட்டுப் போனார். சுண்ணாம்பு பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது, மஞ்சள் பொட்டுகளும் மங்கிவிட்டன, ஆனால் மீனும் சுத்தியலும் குடையும் தெளிவாகத் தெரிகின்றன. மலருக்குப் படம் எடுக்க வருபவர் காலை பத்து மணிக்குள் வந்தால் வெயில் பக்கவாட்டில் விழும், கோடுகள் நன்றாகத் தெரியும். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குடை வீட்டு மகள்
செலாயாங்