சேலை செக்‌ஷனுக்கு வரும் புதுப் பிள்ளைகளுக்காக, தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

ஃப்ளோர் சூப்பர்வைசர் ஆகிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். தீபாவளி சீசனுக்கு வழக்கம்போல ஊர்ப்பக்கமிருந்து ஆள் எடுப்பீர்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகரிலிருந்து வந்து ஹாஸ்டலில் பெட்டியை வைத்த மறுநாளே சீருடையோடு உன் முன்னால் நிற்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

சாமி படத்துக்கு முன்னால் நிற்க வைத்து, முதலாளி இரண்டு வார்த்தை பேசி, கையில் ஒரு லட்டு கொடுப்பார். நல்லதுதான். ஆனால் கடை திறந்த பிறகு அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டியது வேறு. பாத்ரூம் எந்த மாடியில், யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், சாப்பாட்டுக்கு எத்தனை மணி பேட்ச்? இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, மத்தியானம்வரை தண்ணீரே குடிக்காமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களாகக் கேட்கட்டும் என்று இருக்காதே. பழைய ஆள் ஒருத்தியைக் கூட அனுப்பி எல்லாவற்றையும் காட்டச் சொல்.

அப்புறம் ஸ்டூல் விஷயம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது. ஆனால் ஸ்டூல் போட்டிருக்கிற கடையிலும் புதுப் பெண் தானாக உட்கார மாட்டாள். உன் முகத்தைத்தான் பார்ப்பாள். கஸ்டமர் இல்லாத நேரத்தில் "உட்காரும்மா" என்று நீ வாய் திறந்து சொல்ல வேண்டும். சீனியர்களையும் உட்காரச் சொல். அவர்கள் நிற்கும்போது இவள் எப்படி உட்காருவாள்?

வேலை பழக்குவதில்தான் நம் கடைகள் ரொம்ப மோசம். புது ஆள் என்றால் பிரித்துப் போட்ட சேலையை மடிக்க விட்டுவிடுவார்கள், மாதக்கணக்கில். மடிப்பு பழக வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மடிக்கிற கைக்குப் பக்கத்தில் நின்று ஒரு சீனியர் பேசிக்கொண்டே இருந்தால் பாதி வியாபாரம் அங்கேயே வந்துவிடும். சேலை மட்டும் சுமார் 5.5 மீட்டர், பிளவுஸ் துணியோடு சேர்த்தால் 6.3 மீட்டர் பக்கம் வரும். கோர்வைச் சேலையில் பார்டரும் உடலும் தனித்தனி நிறம், தறியிலேயே கோத்து நெய்தது. சேருகிற இடத்தைப் பின்பக்கம் தடவிப் பார்க்கச் சொல். சில்க் மார்க் லேபிள் பட்டு அசல் என்பதற்குத்தான், ஜரிகைக்கு அது பொறுப்பில்லை. கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே ஜரிகையைப் பற்றித்தானே!

பதில் தெரியாவிட்டால் "சீனியரைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லலாம் என்பதையும் முதல் நாளே சொல்லிக்கொடு. தப்பாகவே சொல்லிவிட்டாலும் கஸ்டமர் முன்னால் திட்டாதே. பில் போட்டு அவர்கள் கிளம்பிய பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல். எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கிய பெண் அதற்குப்பிறகு கஸ்டமர் வந்தாலே ரேக்குப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

சம்பளத்தைப் பற்றி அக்கவுன்ட்ஸ்காரர்கள் சொல்வார்கள் என்று விட்டுவிடாதே. 12,000 என்று நம்பி வந்தவள் கைக்கு 10,470 வந்தால் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பாள். முழுச் சம்பளத்துக்கும் பிடித்தால் வருங்கால வைப்பு நிதியான பி.எஃப். 12 சதவீதம் 1,440, தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 90. ஒரு தாளில் எழுதிக் காட்டினால் ஐந்து நிமிட வேலை. பி.எஃப்.பில் கடையும் தன் பங்கு போடுகிறது, வேலையை விட்டாலும் அது அவள் பணம்தான் என்று சொல். இ.எஸ்.ஐ.யில் வைத்தியம் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. அவளை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் கிடைக்கும். அதனால் குடும்ப விவரத்தை விடாமல் பதியச் சொல். வேலை நியமனக் கடிதத்தையும் கையில் கொடுத்துவிடு. புதுத் தொழிலாளர் சட்டங்கள் 2025 நவம்பரில் அமலுக்கு வந்தபின் அது கட்டாயம்.

இன்னொன்று. தீபாவளி முடிந்து யாருக்கு எந்தத் தேதியில் லீவு என்பதைக் கடைசி வாரம்வரை இழுக்காதே. ரயிலில் 60 நாளுக்கு முன்னாலேயே ரிசர்வேஷன் திறந்துவிடுகிறது. நெல்லை எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் எடுக்க அவர்களுக்குத் தேதி தெரிய வேண்டும். முதலாளியிடம் இப்போதே பேசி வாங்கிவிடு.

அன்புடன்,
அக்கா