பழைய எஞ்சின்

அன்புள்ள மகன்,

நீ அனுப்பிய காசு கிடைத்தது. வேலை போய் மூன்று மாதமாகிறதாம், கடன் வாங்கித்தான் எங்களுக்கு அனுப்புகிறாயாம். யார் சொன்னது என்று கேட்காதே. கனடாவில், ஸ்காபரோவில் தும்மினால் திருகோணமலையில் கேட்கும்.

ஏசுவதற்கு எழுதவில்லை. அதற்கு எனக்கு வாயும் இல்லை. 2004 மார்கழியில் சுனாமி வந்தபோது டச்பே கரையில் கிடந்த நம்முடைய வள்ளம் அள்ளுண்டு போனது. எஞ்சின் போகவில்லை. அது திருத்த வேலைக்காக உவர்மலையில் மாமா வீட்டில் கிடந்தது. நட்டம் பதிய வந்தவர்களிடம் இரண்டும் போனது என்று சொன்னேன். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள் என்று எழுதத்தான் கை போகிறது, எல்லோரும் சொல்லவில்லை. புது எஞ்சின் கிடைத்தது. எண்ணிக் கொடுத்தவை அவை, பக்கத்து வள்ளக்காரனுக்குக் கிடைக்காமல் போய்விட்டது. ஒரு வருடமாகத் துடுப்பு வலித்தே தொழிலுக்குப் போனான்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். எடுத்ததை உரியவனிடம் சேர்த்துவிடு என்றார் பாதர். சரி என்று பழைய எஞ்சினைத் திருத்தி அவனிடம் கொண்டுபோனேன். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. "வீட்டில சும்மா கிடக்குது, எடுத்துப் பாவி" என்றேன். யார் பாவி என்று எனக்குத்தானே தெரியும். அவனோ என்னைத் தருமவான் என்று கரை முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

பைபிளில் அனனியா, சப்பிரா கதையை எடுத்து வாசி. காணி அவர்களுடையது, விற்ற காசும் அவர்களுடையது. இராயப்பரே அதைச் சொல்கிறார் (நீங்கள் பேதுரு என்பீர்கள்). ஒரு பங்கை வைத்துக்கொண்டது குற்றமில்லை. மிச்சத்தை அப்போஸ்தலரிடம் கொண்டுவந்து, முழுதும் இதுதான் என்றார்களே, அதுதான். நான் கடனைத் தருமம் என்றேன். நீ கடனைச் சம்பளம் என்கிறாய்.

அம்மா யோசிப்பா என்றுதானே மறைத்தாய்? பொய்மையும் வாய்மை இடத்த என்று குறளைக் காட்டுவாய், தெரியும். வள்ளுவர் 'புரைதீர்ந்த நன்மை' என்றல்லவா கேட்கிறார்? மாதாமாதம் வட்டி ஏறுகிற நன்மை அதில் சேருமா?

போன தவக்காலத்தில் பாலையூற்று லூர்து மாதா கோவிலுக்குப் போய்விட்டு, வீட்டுக்கு வராமல் நேரே அந்த வள்ளக்காரனிடம் போனேன். முற்றத்தில் நின்றபடியே எல்லாம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு கிழமை என் பக்கம் திரும்பவும் இல்லை. பிறகு ஒரு நாள் விடிய, வலை இழுக்க ஆள் காணாது என்று கூப்பிட்டான். இப்போது தருமவான் என்று சொல்வதில்லை. அது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா!

இந்த மாதம் எவ்வளவு முடியும் என்று எழுது. ஒன்றும் முடியாது என்றால் அதையும் எழுது. நானும் இன்னும் கரைக்குப் போகிறேன்தானே. அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்திருப்போம், அப்போது போன் எடுத்து நீயே சொல்லு. நான் பக்கத்தில் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா