மீன்பிடித் தடைக்காலமும் மீன்களின் சினைக்காலமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 வந்ததும் ‘மீன்களின் இனப்பெருக்கக் காலம் தொடங்கியது’ என்று செய்தி வருகிறது. ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. எல்லா மீனும் இந்த 61 நாளில்தான் சினை விடுகின்றன என்ற எண்ணம் இதனால் ஊன்றிவிட்டது. நாம் அன்றாடம் வாங்கும் சில மீன்களுக்கே அது பொருந்தாமல் போயிருக்கிறது.

சங்கராவைப் பாருங்கள். கேரளத்தார் கிளிமீன் என்பது இதைத்தான். சென்னைக் கடலில் பிடிபட்ட ஒருவகைச் சங்கராவை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்தது. 1980இல் சினை மீன்களில் சுமார் 35 சதவீதம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான வெப்ப மாதங்களில் கிடைத்தன. 2004இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. மற்ற 95 சதவீதமும் அக்டோபர் முதல் மார்ச் வரையான மாதங்களுக்குப் போய்விட்டன. சங்கரா தரையோரம் வாழும் மீன்தான். ஆனால் அதன் முட்டை மேல்நீரில் மிதக்கும். மேல்நீர் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும் மாதங்களை அது தவிர்க்கத் தொடங்கியிருக்கிறது. இடம் பெயர வழியில்லாத மீன் காலத்தை மாற்றிக்கொண்டது என்றே இதைக் கொள்ள வேண்டும்.

இடம் மாறிய மீனுக்கு மத்தியைச் சொல்லலாம். நெய்மத்தி, சாளை, பேச்சாளை என்றும் நம் கரையில் பெயர் உண்டு. 1980களின் நடுப்பகுதி வரை இந்தியாவில் பிடிபட்ட நெய்மத்தியில் ஏறக்குறைய முழுவதும் மலபார்க் கரையில், வட அட்சரேகை 8 முதல் 14 டிகிரிக்குள் கிடைத்தது. தென்மேற்குப் பருவக்காற்று அடியிலுள்ள குளிர்ந்த, சத்து மிகுந்த நீரை மேலே கொண்டுவரும். அதில் பெருகும் நுண்பாசிதான் மத்திக்கு இரை. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேல்நீர் 1951க்கும் 2015க்கும் இடையில் சுமார் 1 டிகிரி சூடேறியது. முன்பு மத்திக்குக் குளிராக இருந்த வடக்குக் கடலும் அதற்கு ஏற்றதாயிற்று. மத்தி 14 டிகிரிக்கு வடக்கிலும், கிழக்கே தமிழக, ஆந்திரக் கரைகளிலும் பெருமளவில் சிக்கத் தொடங்கியது. கடலூர், நாகைப் பக்கம், மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலை பரவியதற்கு இந்த மத்தி வரத்தும் ஒரு காரணம். அந்த வலையால் மீனவர் ஊர்களுக்கிடையே எவ்வளவு பகை மூண்டது என்பதை உங்கள் வாசகர்கள் அறிவார்கள்.

கேரளத்தில் 2012இல் 4 லட்சம் டன்னை நெருங்கிய மத்திப் பிடிப்பு, 2021இல் 3,297 டன்னுக்குச் சரிந்தது. அடுத்த ஆண்டே 1 லட்சம் டன்னுக்கு ஏறியது. இந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் வெப்பத்தின் தலையில் கட்டுவது தவறு. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறி வானிலையைப் புரட்டும் எல்நினோ ஆண்டில் இரை குறைந்து, மீன் மெலிந்து, சினைப்பை சரியாக முதிராமல் போகும். அந்த நேரத்தில் குஞ்சையும் அள்ளினால் அடுத்த ஆண்டுக்குத் தாய்மீன் மிஞ்சாது. அதனால்தான் கேரளம் பிடிக்கத்தக்கக் குறைந்தபட்ச நீளத்தைச் சட்டமாக்கியது: மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14, கிளிமீனுக்கு 12.

அயிலை எனும் கானாங்கெளுத்தி ஆழத்துக்கு இறங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. 1985–89இல் இந்தியாவில் பிடிபட்ட அயிலையில் 2 சதவீதமே தரையை ஒட்டி இழுக்கும் இழுவைமடியில் கிடைத்தது. 2003–07இல் அது சுமார் 15 சதவீதம். சூடான நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு, மீனின் உடலோ அதே சூட்டில் அதிக ஆக்சிஜன் கேட்கும். கீழே இறங்குவது அதற்குத் தப்பும் வழி. மிதப்புவலை போடும் ஃபைபர் படகுக்காரர் கைக்கு எட்டாத ஆழத்தில், இழுவைப்படகின் மடிக்குள் அது போய்ச் சேருகிறது. மீன் இருந்தும் சிறு படகுக்குக் கிடைக்காமல் போவது இப்படித்தான்.

இதையெல்லாம் சொல்வதால் தடைக்காலம் வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குளிர்மாதங்களில் பிறந்த சங்கராக் குஞ்சுகள் ஏப்ரல், மே மாதங்களில் வளர்ந்துகொண்டிருக்கும். சங்கராவைப் பொறுத்தவரை, தடை இன்று காப்பது தாயைவிடக் குஞ்சையே. ஆகவே ஜூன் 15 அன்று கடலிறங்கும் மடியின் கண்ணி அளவு, அதாவது வலைத் துளையின் அளவு, முன்னைவிட முக்கியமாகிறது. மடியின் கடைசிப் பையில் உள்ள சாய்சதுரக் கண்ணி, இழுக்கும்போது பாரத்தில் மூடிக்கொள்ளும். 40 மில்லிமீட்டர் என்று அளந்து தைத்தாலும் குஞ்சு வெளியேறாது. அதே அளவில் சதுரக் கண்ணி இழுவையிலும் திறந்தே நிற்கும். பைக்குள் இன்னொரு சிறுகண்ணி வலையை வைத்துத் தைத்தால் இரண்டும் பயனற்றுப்போகும். படகு துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன் பையை விரித்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

தடை நாட்களை மாற்ற வேண்டுமா என்பதை முடிவுசெய்ய, சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை ஒவ்வொரு பெரிய இறங்குதளத்திலும் ஆண்டு முழுவதும் மாதந்தோறும் சினை பார்க்க வேண்டும். இனத்துக்கு 50 மீன் எடுத்து நீளம், எடை, சினைப்பையின் எடை குறிக்கலாம். நூல்போல் மெலிந்தது, மஞ்சள் மணிகள் தெரிவது, மணிகள் கண்ணாடிபோல் தெளிந்தது, சினை விட்டுத் தொய்ந்து சிவந்தது என்று நான்கு நிலைகளாகப் பிரித்தாலே போதும், கண்ணாலேயே தெரியும். விசைப்படகு நிற்கும் 61 நாளில் நாட்டுப்படகு மீனில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாம் தேடும் மாதங்களிலேயே பதிவேட்டில் ஓட்டை விழும். வலை போட்ட ஆழம், மேல்நீர் வெப்பம், மடியின் வாய் உயரம் ஆகியவையும் வேண்டும். வாய் உயரம் கூடினாலும் அயிலை அதிகம் விழும் என்பதால், அதைக் குறிக்காமல் மீன் ஆழத்துக்குப் போனதாக முடிவுகட்ட முடியாது.

ஓராண்டுக் கணக்கு போதாது. ஓர் எல்நினோ அதைத் திரித்துவிடும். குறைந்தது ஐந்து ஆண்டுப் பதிவு சேர வேண்டும். மீன்வளத்துறை அதை அடுத்த தடைக்காலத்திலேயே தொடங்க வேண்டும் என்றும், இனவாரியான சினைக்கணக்கை ஆண்டுதோறும் தமிழில் இறங்குதளங்களில் ஒட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடல் மீன்வள ஆய்வாளர்கள்,
தூத்துக்குடி