செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: ஒரு சிறிய நாடும் அதன் மூலப்பத்திரமும்

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், இந்தக் குளிரிலும் தார்த்துவில் இருந்து ரயில் பிடித்து வந்திருக்கும் மாணவத் தம்பி தங்கைகளுக்கும், குழந்தைகளோடு வந்திருக்கும் குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம்.

நம் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா, ஞாயிறு தமிழ் வகுப்பு, புதிதாக வரும் மாணவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது எல்லாம் இந்த ஆண்டும் வழக்கம்போல் நடந்தன. தமிழ் வகுப்புக்கு இப்போதைய அறை போதவில்லை. வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். அவற்றை இதோடு நிறுத்திக்கொண்டு, இந்த ஆண்டின் வாசிப்புப் பொருளைப் பற்றியே அதிகம் சொல்ல விரும்புகிறேன். நாம் வேலைக்கும் படிப்புக்கும் வந்து தங்கியிருக்கும் இந்த எஸ்டோனியா, 1991இல் விடுதலையை மீட்ட பிறகு உலகத்தோடு எப்படி உறவு வளர்த்தது என்பதை ஓராண்டு முழுக்கப் படிப்பதாகச் சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்திருந்தோம். மக்கள் தொகை 13 லட்சம் சொச்சம். பக்கத்தில் ரஷ்யா. இந்த நிலையில் உள்ள ஒரு நாட்டுக்கு வெளியுறவு என்பது உயிர்ப் பிரச்சினை.

முதல் கூட்டத்தை 1991இல் இருந்துதான் தொடங்குவதாக இருந்தோம். தார்த்துவில் சட்டம் படிக்கும் உறுப்பினர் ஒருவர், 1940ஐ விட்டுவிட்டால் எதுவும் புரியாது என்று வற்புறுத்தினார். அவர் சொன்னதே சரி. 1940 ஜூனில் சோவியத் படை நாட்டுக்குள் முழுமையாக இறங்கியது. ஆகஸ்டில் எஸ்டோனியா சோவியத் ஒன்றியத்தில் சேர்க்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவில், ஜூலை 23 அன்று, அமெரிக்க வெளியுறவுத் துறையைக் கவனித்துவந்த சம்னர் வெல்ஸ் ஓர் அறிக்கை விட்டார். எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா என்ற பால்டிக் நாடுகள் மூன்றையும் சோவியத் விழுங்குவதை அமெரிக்கா ஏற்காது என்பதே அதன் சாரம். அந்த அறிக்கையால் ஒரு டாங்கிகூடப் பின்வாங்கவில்லை. ஆனால் அடுத்த ஐம்பது ஆண்டுகள் நியூயார்க்கில் எஸ்டோனியாவின் துணைத் தூதரகம் திறந்தே இருந்தது.

எர்ன்ஸ்ட் யாக்சன் என்பவரைப் பற்றிப் பேசிய அந்த மாலைதான் இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் என்பது என் எண்ணம். 1905இல் பிறந்தவர். 1930களிலேயே நியூயார்க் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். தன் நாடு வரைபடத்தில் இல்லாமல் போனபின்னும் அதே மேசைக்குப் போய்க்கொண்டிருந்தார். 1965இல் கன்சல் ஜெனரலானார், அதாவது அந்தத் துணைத் தூதரகத்தின் தலைவர். ராக்கபெல்லர் சென்டரில் இருந்த அந்தச் சிறிய அலுவலகம், இல்லாத ஒரு நாட்டின் பெயரில் பாஸ்போர்ட் கொடுத்தது, அமெரிக்கா அதை ஏற்றது. 1991இல் விடுதலை திரும்பியபோது அவருக்கு வயது 86. அமெரிக்காவுக்கான தூதராகவும் ஐ.நா. சபைக்கான பிரதிநிதியாகவும் அவரையே நியமித்தார்கள். இதைக் கேட்டதும் கூட்டத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. எத்தனையோ ஆண்டுகள், பலன் வரும் என்ற உறுதி துளியும் இல்லாமல், முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர். இந்த நாட்டின் வெளியுறவை நான் மதிக்கத் தொடங்கியது அங்கேதான்.

ஊரில் நிலம் பறிபோன பிறகும் மூலப்பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக் காக்கும் குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். எஸ்டோனியா செய்தது அதுதான். 1991இல் அவர்கள் புதுநாடு ஒன்றை அறிவிக்கவில்லை. 1918இல் பிறந்த குடியரசு சட்டப்படி ஒருபோதும் சாகவில்லை, ஆக்கிரமிப்பில் இருந்தது, இப்போது மீண்டும் இயங்குகிறது என்றார்கள். வெளிநாட்டில் இயங்கிய நாடுகடந்த அரசின் தலைவர் ஹைன்ரிக் மார்க், 1992 அக்டோபரில் தன் பொறுப்பைப் புதிய அதிபர் லென்னார்ட் மெரியிடம் ஒப்படைத்ததும் இந்தத் தொடர்ச்சியைக் காட்டத்தான்.

அந்தப் பத்திரத்துக்குக் கைமேல் பலனும் கிடைத்தது. போருக்கு முந்திய எஸ்டோனியா தன் தங்கத்தில் ஒரு பகுதியை லண்டனிலும் ஸ்டாக்ஹோமிலும் வைத்திருந்தது. சுவீடன் 1940இலேயே அதைச் சோவியத்திடம் கொடுத்துவிட்டது. பிரிட்டன் 1967இல் விற்றுக் கணக்கை முடித்துக்கொண்டது. அதே குடியரசு திரும்பி வந்து நின்றபோது இருவருக்கும் வேறு வழியில்லை. 1992இல் இரு நாடுகளும் ஈடுசெய்தன. எல்லா இடத்திலிருந்தும் சேர்ந்து ஏறக்குறைய 11 டன் தங்கம் வந்தது. அதைப் பின்பலமாக வைத்து 1992 ஜூன் 20 அன்று எஸ்டோனியா குரோன் நாணயத்தை வெளியிட்டது. எட்டு குரோனுக்கு ஒரு ஜெர்மன் மார்க். முன்னாள் சோவியத் குடியரசுகளில் ரூபிளை முதலில் உதறியது இந்த நாடுதான். ரூபிளோடு கிடந்திருந்தால் மாஸ்கோவின் பணவீக்கம் இங்கேயும் புகுந்திருக்கும்.

ஆகஸ்டு மாதக் கூட்டத்தை அறைக்குள் வைக்காமல் ஐஸ்லாந்து சதுக்கத்தில் வைத்தோம். நம்மில் பலர் அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்கள்தான், நின்று பார்த்ததில்லை. வெளியுறவு அமைச்சகம் இருக்கும் அந்தக் கட்டடம் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுவுக்காகக் கட்டப்பட்டது. விடுதலையை முதலில் அங்கீகரித்த நாடு ஐஸ்லாந்து என்று சொல்லும் பலகை இப்போது அதில் பதிக்கப்பட்டிருக்கிறது. தேதி 1991 ஆகஸ்டு 22. இரண்டு நாள் முன்பு, 20ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு, ரஷ்யாவின் பிஸ்கோவில் இருந்து வந்த சோவியத் கவச வண்டிகள் சூழ்ந்திருந்த வேளையில், இங்கே அன்றைய நாடாளுமன்றமான உச்ச மன்றத்தில் 69 பேர் ஆதரவாக வாக்களித்து விடுதலையை உறுதி செய்திருந்தார்கள். சோவியத் அதிபர் கோர்பச்சேவுக்கு எதிராக மாஸ்கோவில் நடந்துகொண்டிருந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி தோற்குமா வெல்லுமா என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஐஸ்லாந்து அன்று இரண்டரை லட்சம் பேர் கொண்ட நாடு, சொந்த ராணுவம் கிடையாது. மீனுக்கு எண்ணெய் என்று சோவியத்தோடு பல்லாண்டு வியாபாரம் செய்த நாடும் அதுவே. அதன் வெளியுறவு அமைச்சர் யோன் பால்ட்வின் ஹன்னிபால்சன், அந்த ஆண்டு ஜனவரியில் லிதுவேனியத் தலைநகர் வில்னியுஸில் சோவியத் படையால் மக்கள் கொல்லப்பட்ட நாட்களிலேயே மூன்று பால்டிக் தலைநகரங்களுக்கும் நேரில் வந்தவர். பெரிய நாடுகள் கோர்பச்சேவுக்குச் சங்கடம் வரக்கூடாதே என்று தயங்கி நின்றன. ஆகஸ்டு 26 அன்று மூன்று பால்டிக் வெளியுறவு அமைச்சர்களையும் ரெய்க்யவிக்குக்கு அழைத்து, அமெரிக்க அதிபர் ரேகனும் கோர்பச்சேவும் 1986இல் சந்தித்த ஹோஃப்டி இல்லத்திலேயே உறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார். அப்புறம் கதவுகள் வேகமாகத் திறந்தன. அமெரிக்கா செப்டம்பர் 2, சோவியத் ஒன்றியமே செப்டம்பர் 6, நம் இந்தியா செப்டம்பர் 9. செப்டம்பர் 17 அன்று ஐ.நா. சபையில் இடம். இந்தியாவைப் பொறுத்தவரை இது இரண்டாம் அங்கீகாரம். 1921இல், எஸ்டோனியா ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் சேர்ந்தபோதே முதல் அங்கீகாரம் கொடுக்கப்பட்டிருந்தது, அப்போது நம் நாடு வெள்ளையர் ஆட்சியில் இருந்தபோதும்.

படை விலக்கத்தைப் பற்றிய கூட்டத்துக்கு வருகை குறைவு, அன்று பனிப்புயல். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கீகாரம் கிடைத்தபின்னும் ரஷ்யப் படை இங்கேயே இருந்தது. மூன்று ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடந்தது. 1994 ஜூலை 26 அன்று மெரியும் ரஷ்ய அதிபர் யெல்ட்சினும் மாஸ்கோவில் கையெழுத்திட்டார்கள், ஆகஸ்டு 31க்குள் படை போனது. அதற்குக் கொடுத்த விலை, ஓய்வுபெற்ற சோவியத் ராணுவத்தினர் ஆயிரக்கணக்கானோர் இங்கேயே தங்கலாம் என்ற உறுதி. உள்நாட்டில் அதற்குக் கடும் எதிர்ப்பு. நீர்மூழ்கிக் கப்பல் வீரர்களுக்குப் பயிற்சி தந்த பால்திஸ்கி அணு உலை மையம் 1995இல்தான் கைக்கு வந்தது. மெரியைத் தவிர வேறொருவர் அந்த அறையில் இருந்திருந்தால் இது முடிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். 1941இல் சிறுவனாகக் குடும்பத்தோடு சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர், எழுத்தாளர், ஆவணப்பட இயக்குநர். அவருக்கு ரஷ்யாவை உள்ளிருந்து தெரியும்.

இனி, கூட்டத்தில் அதிகம் வாக்குவாதம் நடந்த விஷயம். தொடர்ச்சி என்ற அதே கொள்கை, இரண்டு இடத்தில் இந்த நாட்டைச் சிரமத்திலும் தள்ளியிருக்கிறது.

முதலாவது எல்லை. 1920 தார்த்து உடன்படிக்கையில் சோவியத் ரஷ்யா எஸ்டோனியாவை என்றென்றைக்குமாக ஏற்றது. அந்த எல்லை நார்வா ஆற்றுக்கு அப்பாலும் போனது. போரின் இறுதியில் மாஸ்கோ அந்தப் பகுதிகளை வெட்டி ரஷ்யாவோடு சேர்த்துக்கொண்டது. அவற்றை விட்டுக்கொடுக்க எஸ்டோனியா தயாராகி 2005இல் எல்லை ஒப்பந்தம் போட்டது. ஆனால் நாடாளுமன்றம் ஒப்புதல் தரும்போது முகவுரையில் தார்த்து உடன்படிக்கையைக் குறிப்பிட்டது. உடனே ரஷ்யா தன் கையெழுத்தைத் திரும்பப் பெற்றது. 2014இல் மறுபடியும் கையெழுத்தானது. இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

இரண்டாவது குடியுரிமை. 1940க்கு முன் குடிமக்களாக இருந்தவர்களுக்கும் அவர்கள் சந்ததியினருக்கும் மட்டும் தானாகக் குடியுரிமை கிடைத்தது. சோவியத் காலத்தில் வந்து குடியேறியவர்கள் மொழித் தேர்வு எழுதிப் பெற வேண்டும். 1992இல் மக்கள் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் எந்த நாட்டுக் குடிமக்களும் அல்லாத நிலையில் நின்றார்கள். அவர்களுக்குக் கொடுத்த சாம்பல் நிற பாஸ்போர்ட் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரஷ்யா இதையே பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அரங்கிலும் குற்றம் சாட்டியது. ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் கண்காணிப்புக் குழு 1993 முதல் 2001 வரை இங்கே இருந்தது. சட்ட மாணவ உறுப்பினர் இந்தக் கொள்கையை முழுமையாக ஆதரித்தார். ரஷ்ய மொழி பேசும் சகாக்களோடு பத்தாண்டாக வேலை செய்யும் மற்றோர் உறுப்பினர், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பட்ட மனவருத்தத்தைச் சொன்னார். என் கருத்தையும் பதிவு செய்கிறேன். கொள்கை நியாயமானது, ஆனால் அதன் பாரம் பெரும்பாலும் சோவியத் அரசு அனுப்பிய தொழிலாளிகளின் பிள்ளைகள் தலையில்தான் விழுந்தது. அவர்களுக்கு மொழி கற்றுத்தரும் வேலையை அரசு தொண்ணூறுகளிலேயே முழுமூச்சாகச் செய்திருக்க வேண்டும்.

வசந்தத்தில் நார்வாவுக்குப் பஸ்ஸில் போனோம். ஆற்றின் இந்தக் கரையில் ஹெர்மன் கோட்டை, அந்தக் கரையில் இவான்கரத் கோட்டை, இரண்டும் கல்லெறி தூரத்தில் எதிரெதிரே. நடுவில் உள்ள பாலத்துக்கு நட்புப் பாலம் என்று பெயர். 2024 பிப்ரவரி முதல் அதில் வண்டிகள் போவதில்லை, ஆட்கள் நடந்துதான் போக வேண்டும். இரவில் அதுவும் கிடையாது. வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு, ஒரு பாட்டி சுவரோரம் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். அக்கரையில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகிறாராம். நம் குழுவில் ரஷ்ய மொழி தெரிந்தவர் பேசிக் கேட்டுச் சொன்னார். பாலத்தின்மேல் கான்கிரீட் தடுப்புகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. வெளியுறவு என்று நாம் படித்ததெல்லாம் அந்தப் பாட்டியின் பையில் வந்து முடிகிறது என்று திரும்பும்போது ஓர் உறுப்பினர் சொன்னார்.

நேட்டோ (2004 மார்ச் 29), ஐரோப்பிய ஒன்றியம் (அதே ஆண்டு மே 1), யூரோ (2011) பற்றி நம்மில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஒரே கூட்டத்தில் முடித்தோம். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1997இல் மூன்று பால்டிக் நாடுகளில் எஸ்டோனியாவை மட்டும் ஐரோப்பிய ஒன்றியம் முதல் சுற்றுப் பேச்சுக்கு அழைத்தது. தெற்கே இருக்கும் சகோதரர்களை விட்டுவிட்டு ஓடுவதா என்று அப்போது கேள்வி எழுந்தது. கடைசியில் மூன்றும் ஒரே நாளில்தான் உள்ளே போயின.

நிறைவுக் கூட்டத்தில் தரவுத் தூதரகம் பற்றிப் பேசினோம். நம்மில் பாதிப்பேர் கணினித் துறை என்பதால் கேள்விகள் நிற்கவில்லை. 2007 ஏப்ரலில், தாலினில் இருந்த சோவியத் போர் நினைவுச் சின்னமான வெண்கல வீரர் சிலையை இடம் மாற்றிய தகராறின்போது, இந்த நாட்டின் வங்கிகளும் அரசு இணையதளங்களும் தாக்கப்பட்டன. நேட்டோவின் இணையப் பாதுகாப்பு மையம் 2008இல் தாலினில் அமைந்தது. 2017இல் லக்சம்பர்க்கோடு ஒப்பந்தம் போட்டு, மக்கள் பதிவேடு, நிலப் பதிவேடு போன்ற முக்கிய அரசு ஆவணங்களின் பிரதியை அங்கே ஒரு தரவு மையத்தில் வைத்தார்கள். தூதரகத்துக்கு உள்ள பாதுகாப்பு அந்தச் சர்வர்களுக்கும் உண்டு. நிலம் மறுபடியும் பறிபோனாலும் அரசு தொடர்ந்து இயங்க வேண்டும் என்ற ஏற்பாடு இது. யாக்சன் தனியாளாகச் செய்த வேலையை இந்த முறை முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறார்கள்.

நமக்கு நேரடியாகப் பயன்பட்ட செய்தி ஒன்று. பல ஆண்டுகள் இந்தியத் தூதரக வேலைக்கு ஹெல்சிங்கியை நம்பியிருந்தோம். 2021இல் தாலினிலேயே தூதரகம் திறந்த பிறகு அந்த அலைச்சல் இல்லை. புதியவர்கள் தங்கள் விவரத்தை அங்கே பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். நார்வா பயணத்துக்குக் கூடுதலாக ஆன தொகையைச் சில உறுப்பினர்கள் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள், அவர்களுக்கு நன்றி. அடுத்த ஆண்டுக்கு லிதுவேனியாவை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. 1990 மார்ச்சிலேயே விடுதலையை அறிவித்து, மாஸ்கோவின் பொருளாதார முற்றுகையைத் தாங்கிய நாடு. உறுப்பினர்கள் இதன்மீது கருத்துச் சொல்லலாம். ஆண்டுச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் மாதக் கடைசிக்குள் செலுத்திவிட வேண்டுகிறேன்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்
தாலின்